திங்கட்கிழமைக் கையெழுத்து

சுமலதா பதினோரு வருஷத்தில் எடுத்த லீவை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்காக அவளைப் பெரிய உழைப்பாளி என்று யாரும் மாலை போட வேண்டாம். அவள் வேலை பார்த்த இடத்தில் லீவு கேட்பது அவ்வளவு வில்லங்கமான காரியம், அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லாண்டரி கம்பெனி. கடற்கரையை ஒட்டிய ஒயிட் டவுன் டூரிஸ்ட் விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் துணியும் வரும். வேலைக்கு நாற்பது பேர், அந்த நாற்பது பேருக்கு இரண்டு தலை. ஒருவர் மேனேஜர் புருஷோத்தமன், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். இன்னொருவர் விஜயராகவன், முதலாளியின் மச்சான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் டைரக்டர் என்று பெயர் கொடுத்து அவருக்கு ஒரு ஏசி அறையும் கொடுத்தார்கள். முதலாளி ஜானகிராமன் வாரத்தில் இரண்டு நாள் வருவார், டீ குடிப்பார், இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு மற்றவரைப் பற்றி விசாரிப்பார், போய்விடுவார்.

புருஷோத்தமனிடம் லீவு கேட்டால் நீ அவர் ஆள். விஜயராகவனிடம் கேட்டால் இவர் ஆள். சுமலதா மாற்றி மாற்றிக் கேட்டாள், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே விலையில் புடவை எடுப்பவளைப் போல. மாமியார் சாவுக்கு மேனேஜரிடம் கேட்டதை நினைவில் வைத்திருந்து மகள் வளைகாப்புக்கு டைரக்டரிடம் போய் நின்றாள். நெல்லித்தோப்பு வீட்டில் அவள் புருஷன் பக்கிரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் சொந்தமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நினைத்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தூங்குவான், அவனுக்கு என்ன தெரியும்.

காத்தவராயனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் இப்படி ஆனாள். காத்தவராயன் இஸ்திரி உருளையில் வேலை செய்தவன். ஆபத்துக்கு இழுத்தால் மிஷின் நிற்க வேண்டிய கயிறு, இழுத்தாலும் நிற்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தபோது நேராகப் போய் அதைச் சொல்லிவிட்டான். அடுத்த நாளே கயிற்றைச் சரிசெய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் புருஷோத்தமன் கேட்ட முதல் கேள்வி, யார் சொல்லச் சொன்னது என்பதுதான். விஜயராகவனோ, பையன் நம்ம ஆளுதான் என்று நாலு பேர் காதுபடச் சொல்லிக்கொண்டார். காத்தவராயன் யார் ஆளும் இல்லை. உருளையில் கை மாட்டினால் எலும்பு மிஞ்சாது என்று பயந்தவன், அவ்வளவுதான். அவனை வண்டியில் மூட்டை ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். விஜயராகவன் விரலைக்கூட அசைக்கவில்லை. ஆறு மாசத்தில் முதுகு பிடித்துக்கொண்டு போனவன், இப்போது காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். அந்தக் கயிறு இன்றைக்கும் இழுத்தால் மிஷின் நிற்கிறது, ஆனால் பெண்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு சுமலதா தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்தாள். மடிப்புப் பகுதிக்கு அவள்தான் லீடர். ஒன்பது பெண்கள். காலையில் ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரித்து மிஷினில் போட்டுவிட்டு, பிறகு மடிக்க உட்காருவார்கள்.

முன்பெல்லாம் அந்த மூட்டைகளைப் பிரிக்கத் தனியாக இரண்டு ஆள் இருந்தார்கள். நீளமான ஒரு மேசை, முழங்கை வரைக்கும் தடியான கையுறை. ஒவ்வொரு விரிப்பையும் உதறி, உள்ளே ஊசி, கத்தரி, கண்ணாடி ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மிஷினுக்குப் போகும். எட்டு மாசத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரி தன் கிளைகளின் துணியையும் சேர்த்துக் கொடுத்தது. குறைந்த ரேட்டுக்கு அதைப் பிடித்து வந்தவர் விஜயராகவன். ரேட்டு கட்டுப்படியாக வேண்டும் என்று மேசையையும் இரண்டு ஆளையும் எடுத்துவிட்டார். புருஷோத்தமன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. தப்பு நடக்கட்டும், பழி டைரக்டர் தலையில் விழட்டும் என்று அவர் காத்திருந்தார் என்பது பெண்களின் அபிப்பிராயம்.

மேசை போனாலும் நோட்டு போகவில்லை. துணியைச் சோதித்துப் பார்த்தோம், கூர்மையான பொருள் எதுவும் இல்லை என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு அது. ஆஸ்பத்திரியிலிருந்து மாசம் ஒரு தடவை வந்து பார்ப்பார்கள். தினம் தினம் யார் எடுத்து எழுதுவது? திங்கட்கிழமை காலையில் புருஷோத்தமன் நோட்டை நீட்டுவார், சுமலதா சனிக்கிழமை வரைக்கும் ஆறு நாளுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். முதல் வாரம் கை கூசியது. மூன்றாவது வாரத்திலிருந்து கூசவில்லை. மடிக்கும்போது எப்போதாவது ஒரு ஊசி தட்டுப்படும். அதைத் துண்டில் சுருட்டி, பின்பக்கம் கிடந்த பெயிண்ட் டப்பாவில் போட்டுவிட்டு வந்து உட்காருவாள்.

போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த துர்கா கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். துர்கா அங்கே சேர்ந்து ஐந்து மாசம்தான் ஆகியிருந்தது. இருபத்து நாலு வயசு, வீட்டில் இன்னும் பால் மறக்காத ஒரு பையன். மெல்லிசுக் கையுறையைக் கழற்றினால் நடுவிரலில் ஒரு சொட்டு ரத்தம். அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுமலதா மூட்டையைப் பார்த்தாள். விரிப்பு மடிப்புக்குள் ட்ரிப்ஸ் ஊசி, கூடவே ஒரு துண்டுக் குழாய், குழாய்க்குள் கறுத்துப்போன ரத்தம். துண்டால் பிடித்து எடுத்தாள். அதற்குள் புருஷோத்தமன் பக்கத்தில் வந்துவிட்டார். துண்டோடு அதை வாங்கிக்கொண்டார். ஊசி என்று ஆனால், நோட்டை எழுத வைத்த அவர் தலையும் சேர்ந்துதான் உருளும்.

"ஊக்கு. பொடவையில குத்தறது," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு சுமலதாவைப் பார்த்து, "ஊக்குதானே?" என்று கேட்டார்.

சுமலதா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. துர்கா விரலைத் தண்ணீரில் கழுவி, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, மடிக்கப் போய்விட்டாள். ஒன்பது பெண்களில் ஒருத்தியான தாமரைச்செல்வி பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு தலையணை உறையைத் தேவைக்கு மேலே இழுத்து இழுத்து நீவினாள்.

சுமலதாவுக்கு விஷயம் தெரியாது என்றால் இந்தக் கதையே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து அவர்களுக்கு வகுப்பு எடுத்திருந்தாள். பாதிப் பேர் தூங்கினார்கள், சுமலதா கேட்டாள். ஊசி குத்தினால் கழுவு, மறைக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, ஆனால் மூன்று நாளுக்கு மேல் போனால் அந்த மாத்திரைக்கு வேலை இல்லை. அந்த வியாழக்கிழமை கம்பெனி வேன் நெல்லித்தோப்பில் அவளை இறக்கிவிட்டபோது அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு பதினோரு மணி.

அன்று சாயங்காலம் பக்கிரியிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு என்றான். சொன்னால் அவள் மேனேஜரைப் போய்க் கேட்பாள், மேனேஜர் என்னைக் கேட்பார், டைரக்டர் தூண்டிவிட்டதாக ஆகிவிடும் என்றாள். அவளுக்கே அந்தப் பேச்சு கேவலமாக இருந்தது. ஒரு கைப்பிள்ளைக்காரியின் உயிர் ஒரு தட்டில், தன் வேலை ஒரு தட்டில் என்று வைத்துப் பார்க்கிற அளவுக்கு நான் எப்போது ஆனேன் என்று நினைத்தாள். ஆனாலும் வைத்துத்தான் பார்த்தாள். பன்னிரண்டு மாசத்தில் அடைக்க வேண்டிய சுய உதவிக் குழுக் கடன் அவள் பெயரில்தான் இருந்தது.

லாண்டரியில் துணி காய்வதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை காலையில் விஜயராகவன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஊசிதான் என்று எனக்குத் தெரியும், நீ பயப்படாதே என்றார். ஒரு நிமிஷம் சுமலதாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்பாடா, இந்த ஆளாவது கேட்டாரே என்று இருந்தது.

"செவ்வாய்க்கெழம ஆஸ்பத்திரிக்காரங்க நோட்டு பாக்க வராங்க இல்ல? அவங்க முன்னால சொல்லு. மேனேஜர்தான் மறச்சாருன்னு சொல்லு. அப்பறம் சூப்பர்வைசர் நீதான்."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு சார்?"

"அது கிட்ட இப்பவே சொன்னா விஷயம் வெளிய போயிடும்மா. நாலு நாள்தானே."

சுமலதா யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள். நேற்றைக்கு வரைக்கும் வாயை மூடிக்கொண்டால் பிழைத்தோம் என்று இருந்தாள். இன்றைக்கு உண்மையைப் பேசினாலும் அது விஜயராகவனுடைய பேச்சாகிவிடும், காத்தவராயன் பேச்சு ஆன மாதிரியே. ஒருத்தர் ஊக்கு என்கிறார், இன்னொருத்தர் ஊசி என்கிறார். இரண்டு பேருக்கும் துர்காவின் விரலைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அது அவளுக்கு உறைத்தபோது பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. அந்தக் கோபம் மட்டும் வரவில்லையென்றால் அவள் செவ்வாய்க்கிழமை வரைக்கும் யோசித்துக்கொண்டேதான் இருந்திருப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டாள். மேனேஜரிடமும் கேட்கவில்லை, டைரக்டரிடமும் கேட்கவில்லை. போன் போட்டதும் பக்கிரி ஆட்டோவோடு வந்தான். ஆட்டோ நூறடிச் சாலையில் திரும்பும்போதுதான் துர்காவிடம் சொன்னாள். குத்தியது ஊக்கு இல்லை, ஊசி, ரத்தம் இருந்த ஊசி, நான்தான் எடுத்தேன் என்று.

துர்கா பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிய்த்துப் பார்த்தாள்.

"ராத்திரி பையனுக்குப் பால் குடுத்தேன்க்கா," என்றாள். பிறகு, "நேத்தே ஏன் சொல்லல?" என்றாள்.

சுமலதா பக்கிரியின் தோளைத் தட்டி வேகமாகப் போகச் சொன்னாள்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி கேள்வி கேட்டாள். எத்தனை மணிக்கு, எந்தத் துணி, எந்த மாதிரி ஊசி, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா. என் கையால் எடுத்தேன் என்றாள் சுமலதா. மேசையை எடுத்ததிலிருந்து மெல்லிசுக் கையுறை வரைக்கும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். எவ்வளவு லேசாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம். இந்த டாக்டரம்மா மேனேஜர் ஆளும் இல்லை, டைரக்டர் ஆளும் இல்லை. சொன்னது நிஜமா என்று மட்டும் கேட்கிற ஒரு மனுஷியைப் பார்த்து அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. டாக்டரம்மா துர்காவுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாள், இருபத்தெட்டு நாளுக்கு மாத்திரை கொடுத்தாள். பையனுக்குப் பால் கொடுப்பதைப் பற்றித் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். வேலை இடத்தில் ஆஸ்பத்திரித் துணியில் இருந்த ஊசி குத்தியது என்று சீட்டில் எழுதினாள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், ஆனால் நேற்றே வந்திருக்க வேண்டும் என்றாள். சுமலதா தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி வந்தார். அறையில் அவர், இரண்டு பக்கமும் இரண்டு பேர், எதிரே சுமலதா, துர்கா, தாமரைச்செல்வி. யார் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய் என்று புருஷோத்தமன் ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை என்றாள். அவர் நம்பவில்லை, விஜயராகவனைப் பார்த்தார். விஜயராகவன் லேசாகச் சிரித்துக்கொண்டார், காரியம் செவ்வாய்க்கிழமைக்கு முன்னாலேயே முடியப் போகிறது என்று.

ஜானகிராமன் துர்காவைக் கேட்டார், உன்னைக் குத்தியது என்னம்மா என்று. துர்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பாக்கல சார்," என்றாள். அது பொய் இல்லைதான். ஆனாலும் சுமலதாவுக்கு வலித்தது. தாமரைச்செல்வியைக் கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை.

புருஷோத்தமன் நோட்டைப் பிரித்து முதலாளி முன்னால் வைத்தார். வியாழக்கிழமைக்கு நேராக, கூர்மையான பொருள் இல்லை, கையெழுத்து சுமலதா. "இவங்களே எழுதிக் குடுத்துட்டு இப்ப ஊசின்னா எப்படி சார்?"

இந்த இடத்தில் மன்னிச்சிடுங்க சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை வழக்கம்போல் வேன் ஏறலாம். துர்காவுக்குத்தான் மாத்திரை கிடைத்துவிட்டதே. ஆனால் மாத்திரை துர்காவுக்கு மட்டும்தான். திங்கட்கிழமை மூட்டையை வேறொரு கை பிரிக்கும்.

"அவ பாக்கலீங்க மொதலாளி. எடுத்தது நானு. ட்ரிப்ஸ் ஊசி, ரத்தத்தோட," என்றாள். "நோட்டுல இன்னைக்கு சனிக்கெழமைக்குப் பாருங்க. இன்னைக்கு மூட்டையே இன்னும் பிரிக்கல. அதுக்கும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். திங்கக்கெழம போட்டது. எட்டு மாசமா இப்பிடித்தான். எழுதுனது பொய்யி, எழுதுனவ நான்."

முதலாளி பக்கத்தைப் புரட்டினார். சனிக்கிழமைக்கு நேராக அவள் கையெழுத்து நீலமாக இருந்தது. பிறகு அவள் மிச்சத்தையும் சொன்னாள். மேசையையும் ஆளையும் எடுத்தது டைரக்டர், நோட்டை நீட்டியது மேனேஜர், அந்தப் பெண்ணிடம் நாலு நாளைக்குச் சொல்லாதே என்று நேற்றுச் சொன்னதும் டைரக்டர்தான் என்று. விஜயராகவனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஜானகிராமனுக்கு ஊசியைவிட, சுமலதா எடுத்து வைத்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரிச் சீட்டுதான் பெரிய கவலையாக இருந்தது. நம்ம வீட்டு விஷயத்தை வெளியே எழுதிக் கொடுத்துவிட்டு வருவதா என்று இரண்டு தடவை கேட்டார். எழுத்தில் போய்விட்டதை அழிக்க முடியாது என்பது வியாபாரிக்குப் புரியாதா? திங்கட்கிழமையிலிருந்து மேசை போடச் சொன்னார், பழையபடி இரண்டு ஆள், தடிக் கையுறை. சுமலதா வீட்டில் இருக்கட்டும், கூப்பிடும்போது வரட்டும் என்றார். புருஷோத்தமனும் விஜயராகவனும் ஒரே நேரத்தில் அதுதான் சரி என்றார்கள். ஐந்து வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் தெருமுனையில் ஒலி எழுப்பிவிட்டுப் போனது. சுமலதா பாத்திரம் தேய்த்தாள், ஏற்கெனவே தேய்த்ததையும் தேய்த்தாள். கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். வருத்தமாகத்தான் இருந்தது, அதை மறைக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. பதினோரு வருஷம் ஒரே மேசையில் மடித்துவிட்டு வந்திருக்கிறாள், வேறு எங்கே போய் என்ன செய்வாள்? நல்ல காரியம் செய்தவளுக்கு மனசு நிறைந்திருக்கும் என்பார்கள். அவள் மனசில் துர்கா ஆட்டோவில் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குத் தாமரைச்செல்வி போன் செய்தாள். சுற்றிலும் மிஷின் சத்தம், குரலைத் தாழ்த்திப் பேசினாள். மேசை போட்டுவிட்டார்கள், அதில் நிற்பவர்களில் தானும் ஒருத்தி என்றாள். துர்கா வந்திருக்கிறாள், மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறதாம், ஆனால் விடாமல் சாப்பிடுகிறாள் என்றாள். அன்றைக்கு அறையில் பேசாமல் நின்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, மத்தியானத்துக்குள்ள நாலு ஊசி கெடச்சுது," என்றாள் தாமரைச்செல்வி. "மேனேஜர் ஒண்ணுன்னு எழுதச் சொல்றாரு. மொத நாளே நாலுன்னா நாளைக்கு வர ஆஸ்பத்திரிக்காரங்க பயந்துடுவாங்களாம்."

எழுதிட்டுப் போடி, உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு என்று சுமலதாவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு தயாராக அது உள்ளே இருந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாலுன்னுதான் எழுதியிருக்கேன்க்கா," என்றாள் தாமரைச்செல்வி. "ஒங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு." யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், போனை வைத்துவிட்டாள்.

சுமலதா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. ஆனால் அந்த நாலு அவளை விடவில்லை. இத்தனை நாளும் எப்போதாவது ஒன்றிரண்டு என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள், மடிக்கும்போது தட்டுப்பட்டதை மட்டும் வைத்து. அரை நாளைக்கு நாலு. மாசத்துக்கு இருபத்தாறு நாள். எட்டு மாசம். ஒன்பது பெண்கள், மெல்லிசுக் கையுறை. அதற்கு மேல் கணக்குப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை.